காப்பாற்றிய கட்டுப்பெட்டித்தனம்

2008-ல் அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்தபோது இந்திய வங்கிகள் நின்றன. நிற்க வைத்தது எது, அதற்கான பில்லைக் கட்டியது யார் என்பதில்தான் நமக்கு இன்னும் குழப்பம்.

2008 செப்டம்பரின் கடைசி நாட்கள். நாட்டின் மிகப் பெரிய தனியார் வங்கியான ஐசிஐசிஐ-யின் ஏடிஎம்கள் முன்னால் பல நகரங்களில் வரிசை நீண்டது. நின்றவர்களில் பலருக்கு லேமன் பிரதர்ஸ் என்ற பெயரே இரண்டு வாரங்களுக்கு முன்புவரை தெரியாது. நியூயார்க்கில் 158 வருடப் பழமை கொண்ட முதலீட்டு வங்கி ஒன்று செப்டம்பர் 15 அன்று திவாலாகிவிட்டது, அதன் கடன் பத்திரங்களில் ஐசிஐசிஐ-யின் பிரிட்டிஷ் துணை நிறுவனமும் பணம் போட்டிருக்கிறது என்ற செய்தி மட்டும் காதுக்குக் காது பரவியிருந்தது. போட்ட தொகை வங்கியின் மொத்தச் சொத்தோடு ஒப்பிட்டால் தூசு. பீதிக்குக் கணக்குப் பாடம் தெரியாது. செப்டம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி, வழக்கத்துக்கு மாறாக, ஒரு தனி வங்கியின் பெயரைச் சொல்லியே அறிக்கை விட்டது: அந்த வங்கியிடம் போதிய பணம் இருக்கிறது, வாடிக்கையாளர்களுக்குத் தேவையான ரொக்கம் கிடைக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். சில நாட்களில் வரிசை கரைந்தது.

அதே வாரங்களில் மற்ற நாடுகளில் வேறு காட்சி. அமெரிக்காவின் மத்திய வங்கி ஏஐஜி என்ற காப்பீட்டு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த 8,500 கோடி டாலரை எடுத்து வைத்தது. பிரிட்டிஷ் அரசு ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் பெரும்பான்மைப் பங்குகளுக்குச் சொந்தக்காரர் ஆனது. ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் அக்டோபரில் ஒரே வாரத்தில் விழுந்தன. இந்தியாவில் எந்த வங்கிக்கும் அந்தக் கதி வரவில்லை. டெல்லியும் மும்பையும் மார் தட்டிக்கொண்டதில் வியப்பில்லை. மேல்நாட்டுப் பத்திரிகைகளே இந்தியா எப்படித் தப்பியது என்று எழுத ஆரம்பித்திருந்தன.

ஆனால் தப்பியது வேறு, தொடாமல் விட்டது வேறு. புயல் இந்தியாவைத் தொடவே இல்லை என்பது பிற்பாடு பரவிய கட்டுக்கதை. 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட மும்பை பங்குச் சந்தை அக்டோபர் இறுதியில் ஒரு கட்டத்தில் 8,000-க்கும் கீழே போனது. அந்நிய நிதி நிறுவனங்கள் அந்த ஒரே வருடத்தில் 50,000 கோடி ரூபாய்க்கும் மேல் விற்றுவிட்டு வெளியேறின. வருட ஆரம்பத்தில் 40 ரூபாய்க்கும் குறைவாக இருந்த டாலர், வருடம் முடிவதற்குள் 50-ஐத் தாண்டிவிட்டது. 9 சதவீதத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த பொருளாதார வளர்ச்சி 2008-09-ல் 6.7 சதவீதமாகக் குறைந்தது. இது அன்றைய கணக்கு. 2018-ல் புதிய அடிப்படை வருடத்தை வைத்து அரசு திருத்தி வெளியிட்ட கணக்கோ அதை 3.1 சதவீதம் என்கிறது. அடி அன்று நினைத்ததைவிட பலமாகவே விழுந்திருக்கிறது.

அடி வந்து சேர்ந்த வழி சுவாரசியமானது. அமெரிக்க வீட்டுக் கடன் பத்திரங்களை இந்திய வங்கிகள் பெரிதாக வாங்கியிருக்கவில்லை. ஆனால் இந்தியக் கம்பெனிகள் லண்டனிலும் சிங்கப்பூரிலும் டாலரில் கடன் வாங்கிப் பழகியிருந்தன. லேமன் விழுந்ததும் அந்தக் குழாய் ஒரே நாளில் அடைபட்டது. கம்பெனிகள் உள்ளூர் வங்கிகளிடம் ஓடி வந்தன. போதாததற்கு, பரஸ்பர நிதிகளில் போட்டு வைத்திருந்த குறுகிய காலப் பணத்தையும் உருவின. பரஸ்பர நிதிகளோ அந்தப் பணத்தை ரியல் எஸ்டேட் கம்பெனிகளின் பத்திரங்களிலும் முடக்கியிருந்தன. அவசரத்துக்கு விற்க ஆள் இல்லை. வங்கிகள் ஒன்றுக்கொன்று ஒரு ராத்திரிக்குக் கடன் கொடுக்கும் சந்தையில் வட்டி ஏறத்தாழ 20 சதவீதத்தை எட்டியது. அக்டோபர் 14 அன்று பரஸ்பர நிதிகளுக்காகவே ரிசர்வ் வங்கி 20,000 கோடி ரூபாய்க்குத் தனி ஜன்னல் திறக்க வேண்டியிருந்தது.

அந்த ஜன்னலைத் திறந்த கவர்னர் டி. சுப்பாராவ், பதவிக்கு வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. லேமன் விழுவதற்குச் சரியாகப் பத்து நாட்களுக்கு முன்னால்தான், செப்டம்பர் 5 அன்று, நிதித்துறைச் செயலர் நாற்காலியிலிருந்து அங்கே போயிருந்தார். அடுத்த ஏழு மாதங்களில் அவர் செய்ததெல்லாம் ஒரே திசையில்: பணத்தைத் திறந்து விடுவது. வங்கிகள் தம்மிடம் சேரும் டெபாசிட்டில் 100-க்கு 9 ரூபாயை ரிசர்வ் வங்கியில் வட்டியில்லாமல் வைக்க வேண்டும் என்றிருந்தது. அது 5 ரூபாயாக இறங்கியது. ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான ரெப்போ வட்டி 9 சதவீதத்திலிருந்து 2009 ஏப்ரலில் 4.75-க்கு வந்தது. எல்லா நடவடிக்கைகளையும் சேர்த்தால் புழக்கத்துக்கு வந்த, வரக்கூடியதாக இருந்த தொகை 5,60,000 கோடி ரூபாய்க்கு மேல்.

இவ்வளவு குறைப்பதற்கு இடம் இருந்ததே, அதுதான் கவனிக்க வேண்டியது. லேமன் விழுந்த நாளில் அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி வெறும் 2 சதவீதம். டிசம்பரிலேயே அது பூஜ்யத்தைத் தொட்டு நின்றுவிட்டது. சுப்பாராவ் செலவழித்தது, முன்னால் இருந்தவர் வசவு வாங்கிக்கொண்டு சேர்த்து வைத்த சேமிப்பு.

வசவு வாங்கிய கவர்னர்

அந்த முன்னவர் ஒய்.வி. ரெட்டி. கடப்பா மாவட்டத்துக்காரர், 1964-ம் வருட ஐஏஎஸ் அதிகாரி, 2003 செப்டம்பரிலிருந்து ஐந்து வருடம் கவர்னர். அவர் காலத்து இந்தியாவை நினைத்துப் பார்க்க வேண்டும். வளர்ச்சி 9 சதவீதம். டாலர் கொட்டுகிறது. வீட்டு விலை மாதத்துக்கு மாதம் ஏறுகிறது. மும்பையைச் சர்வதேச நிதி மையமாக்க வேண்டும் என்று பெர்சி மிஸ்திரி தலைமையிலான குழு 2007-ல் சொல்கிறது. நிதித்துறையில் இன்னும் கதவுகளைத் திறக்க வேண்டும் என்று ரகுராம் ராஜன் குழு 2008-ல் சொல்கிறது. இந்தக் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவரின் கையைப் பிடித்து நிறுத்துகிற பெரியவர் வேலையை ரெட்டி எடுத்துக்கொண்டார்.

அவர் செய்த காரியங்கள் பத்தாம் பக்கத்துச் செய்திகளாகவே வந்தன. 2004 டிசம்பரில் வீட்டுக் கடனுக்கும் நுகர்வோர் கடனுக்கும் 'அபாய எடை'யை உயர்த்தினார். பெயர் பயமுறுத்தினாலும் விஷயம் எளிது. வங்கி 100 ரூபாய் கடன் கொடுத்தால் அதில் 9 ரூபாயாவது வங்கியின் சொந்த முதலாக இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. அபாய எடை 150 சதவீதம் என்றால் அந்த 100 ரூபாயை 150 ரூபாயாகக் கணக்கிட்டு, 13 ரூபாய் 50 காசு சொந்தப் பணத்தைக் கட்ட வேண்டும். வணிகக் கட்டடங்களுக்கான கடனுக்கு 2005-ல் எடையை 125 ஆக்கினார். 2006 மே மாதத்தில் 150. கடனைத் தடை செய்யவில்லை. அதன் விலையை ஏற்றினார்.

இரண்டாவது காரியம் இன்னும் எரிச்சலூட்டியது. தவணை தவறிய கடனுக்கு வங்கி லாபத்திலிருந்து ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது வழக்கம். ரெட்டி, ஒழுங்காகத் தவணை கட்டப்படும் கடனுக்கும் அதிகம் ஒதுக்கச் சொன்னார். 100-க்கு 25 காசாக இருந்த ஒதுக்கீடு ரியல் எஸ்டேட், தனிநபர் கடன் போன்றவற்றுக்கு 2007 ஜனவரியில் 2 ரூபாய் ஆனது. மழைக்காலத்துக்கு முன்னால் கூரை வேயச் சொன்னால் வெயிலில் நிற்பவனுக்குக் கோபம் வரத்தானே செய்யும்?

மூன்றாவது, அமெரிக்க நோயின் வேரையே தொட்டது. இந்த இடத்தில் 'சப்-பிரைம்' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம். அந்த வருடம் இதைத் தமிழாக்க உட்கார்ந்தவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. அகராதியைப் பிடித்தால் அர்த்தம் ஓடிவிடும். வட்டிக்கடைக்காரரின் பாஷையில் சொன்னால், திருப்பித் தரமாட்டான் என்று தெரிந்தே ஒருவனுக்குக் கொடுத்த கடன். தெரிந்தே ஏன் கொடுக்க வேண்டும்? கொடுத்தவர் அந்தக் கடனை மறுவாரமே மூட்டை கட்டி இன்னொருவர் தலையில் விற்று, லாபத்தைக் கையோடு எடுத்துக்கொள்ள முடிந்ததால். இப்படிக் கடன் மூட்டைகளை விற்கும் இந்திய வங்கிகளுக்கு ரெட்டியின் ரிசர்வ் வங்கி 2006 பிப்ரவரியில் ஒரு விதி போட்டது. விற்கலாம், ஆனால் கிடைக்கும் லாபத்தை ஒரே நாளில் கணக்கில் காட்டக் கூடாது, பத்திரத்தின் ஆயுள் முழுக்கப் பகிர்ந்துதான் காட்ட வேண்டும். அன்றைக்கே வரும் லாபம் இல்லையென்றால் அன்றைக்கே விற்கும் ஆசையும் தணிகிறது.

இவை போக, குவிந்த டாலரை வாங்கியபோது சந்தைக்குப் போன ரூபாயை உறிஞ்ச 2004-ல் ஒரு ஏற்பாடு தொடங்கியது. அரசின் பெயரில் பத்திரம் விற்று, வந்த பணத்தைச் செலவழிக்காமல் பூட்டி வைப்பது. 2008 மார்ச்சில் அந்தப் பெட்டியில் ஏறத்தாழ 1,70,000 கோடி ரூபாய் இருந்தது. நெருக்கடி வந்ததும் சுப்பாராவ் திறந்த பெட்டிகளில் அதுவும் ஒன்று.

வளர்ச்சியைக் கழுத்தை நெரிக்கிறார், பழைய காலத்து மனிதர், கட்டுப்பெட்டி. ரெட்டிக்குக் கிடைத்த பட்டங்கள் இந்த ரகம். வட்டி விகித விவகாரத்தில் அவருக்கும் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரத்துக்கும் ஒத்துப் போகவில்லை என்பது ஊரறிந்தது. ஓய்வு பெற்று ஒரு மாதம் ஆவதற்குள் அதே கட்டுப்பெட்டித்தனம் தீர்க்கதரிசனம் ஆகிவிட்டது. நோபல் பரிசு பெற்ற ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் முதல் எல்லோரும் பாராட்டினார்கள். ரெட்டி பதவியில் இருந்தபோது இதில் பாதி கிடைத்திருந்தால் அவர் வேலை சுலபமாகியிருக்கும்.

பாதி அதிர்ஷ்டம்

இருந்தாலும், எல்லாவற்றையும் ஒரு மனிதரின் கணக்கில் எழுதுவது நேர்மை ஆகாது. வங்கித்துறையின் எழுபது சதவீதம் அரசு வங்கிகள் கையில் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் தனியார் வங்கிகளிலிருந்து பணத்தை எடுத்தவர்கள் தலையணைக்கு அடியில் வைக்கவில்லை; தெருமுனையில் இருந்த ஸ்டேட் வங்கியில் போட்டார்கள். அரசு வங்கி மூழ்க அரசு விடாது என்ற நம்பிக்கைக்கு எந்தச் சட்டமும் உத்தரவாதம் தரவில்லை. நம்பிக்கை போதுமாக இருந்தது.

வீடு வாங்கும் இந்தியர் கைப்பணமாகக் கணிசமான தொகையைப் போட்டுத்தான் வாங்குகிறார். யாரும் திட்டமிடாத இன்னொரு பாதுகாப்பும் உண்டு, அதைப் பொருளாதார நிபுணர்கள் மேடையில் சொல்லக் கூச்சப்படுவார்கள்: கறுப்புப் பணம். பத்திரத்தில் எழுதும் விலை குறைவு. வங்கி கடன் தருவது எழுதிய விலைக்கு. எனவே வீட்டின் உண்மை விலை கணிசமாக விழுந்தாலும் கடன் தொகை அதற்குள் அடங்கிவிடும். ஒழுக்கக்கேடு ஒன்று வங்கிகளுக்கு அரணாக நின்ற விந்தை இது.

அரசு செலவு விஷயத்திலும் அப்படியே. ஊரக வேலை உறுதித் திட்டம் 2008 ஏப்ரலில் எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்தது. பிப்ரவரி பட்ஜெட்டில் விவசாயக் கடன் தள்ளுபடி வந்தது. ஆறாவது ஊதியக் குழுவின் நிலுவைத் தொகை அரசு ஊழியர்களின் கைக்கு வந்தது. எல்லாமே லேமனுக்கு முன்பு, 2009 தேர்தலை மனதில் வைத்து எடுத்த முடிவுகள். மேல்நாட்டுச் சந்தை சுருங்கிய நேரத்தில் கிராமத்திலும் சிறு நகரத்திலும் வாங்கும் சக்தி மிஞ்சியிருந்ததற்கு இவை ஒரு காரணம். அதன் பிறகு டிசம்பர் 7, ஜனவரி 2, பிப்ரவரி 24 என்று மூன்று தவணையாகச் சலுகைகள். உற்பத்தி வரி ஒரே வெட்டில் 4 சதவீதப் புள்ளி குறைந்தது. 2.5 சதவீதம் என்று பட்ஜெட்டில் எழுதிய நிதிப் பற்றாக்குறை 6 சதவீதத்துக்குப் போனது.

வங்கிகள் தப்பின. எல்லோரும் தப்பினார்களா? 2008 அக்டோபரில் ஏற்றுமதி முந்தைய வருடத்தைவிட 12 சதவீதம் சரிந்தது. அந்தச் சரிவு ஒரு வருடம் நீடித்தது. உலகின் பெரும்பாலான வைரங்களுக்குப் பட்டை தீட்டும் சூரத்தில் பட்டறைகள் தீபாவளி விடுமுறைக்கு மூடியவை மூடியபடியே கிடந்தன. ரத்தினக் கலைஞர்கள் என்று அழைக்கப்படும் தொழிலாளர்கள் சௌராஷ்டிர கிராமங்களுக்கு மூட்டை கட்டினார்கள். குஜராத்திப் பத்திரிகைகளில் தற்கொலைச் செய்திகள் வந்தன. மத்தியத் தொழிலாளர் துறை நடத்திய ஆய்வு, அந்த அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் வேலை இழந்ததாகக் கணக்கிட்டது. இது அமைப்பு சார்ந்த சில தொழில்களின் மதிப்பீடு மட்டும். வீட்டுத் திண்ணையில் தைத்தவரும் கட்டடத்தில் சித்தாள் வேலை பார்த்தவரும் இதில் வரமாட்டார்கள்.

திருப்பூருக்கு இரண்டு பக்கமும் அடி. ஐரோப்பிய, அமெரிக்க ஆர்டர்கள் குறைந்தது ஒன்று. இன்னொன்று அதற்கு முன்பே ஆரம்பித்திருந்தது. டாலர் இறங்கிக்கொண்டே போன 2007-ல், நஷ்டத்திலிருந்து பாதுகாப்பு என்று சொல்லி வங்கிகள் பனியன் ஏற்றுமதியாளர்களுக்குச் சிக்கலான அந்நியச் செலாவணி ஒப்பந்தங்களை விற்றிருந்தன. டாலரில் வியாபாரம் செய்கிறவர், சுவிஸ் ஃபிராங்கும் ஜப்பானிய யென்னும் எந்தப் பக்கம் போகும் என்று பந்தயம் கட்டியதாக அது முடிந்தது. பந்தயம் தோற்றது, கோர்ட்டுக்குப் போனது. ரெட்டியின் வேலியிலும் ஓட்டை இருந்தது என்பதற்கு அது சாட்சி.

தவறாகப் படித்த பாடம்

நெருக்கடியைவிட நெருக்கடி முடிந்த பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் அதிகம் கவனிக்க வேண்டியது. நம் வங்கிகள் பத்திரமானவை என்ற பெயர் வந்துவிட்டது. ஏன் பத்திரமாக இருந்தன என்பது மறந்துவிட்டது.

2009 பிப்ரவரியில் ஸ்டேட் வங்கி முதல் வருடத்துக்கு 8 சதவீத வட்டியில் வீட்டுக் கடன் என்று அறிவித்தது. பிறகு வட்டி ஏறும். ஆரம்பத்தில் குறைந்த தவணை, பிற்பாடு கூடுதல் தவணை என்பது அமெரிக்கா வழுக்கி விழுந்த அதே வாழைப்பழத் தோல். ரிசர்வ் வங்கி 2010 டிசம்பரில் இத்தகைய கடனுக்கு ஒதுக்கீட்டை உயர்த்தித் தடுத்தது. வீட்டுக் கடன் வாசலில் காவல் இருந்தது.

காவல் இல்லாத வாசல் வேறு. மின் நிலையம், நெடுஞ்சாலை, உருக்காலை, தொலைத்தொடர்பு. இவற்றுக்குத் தேச நிர்மாணம் என்று பெயர். கேள்வி கேட்பது அழகல்ல. அரசு வங்கிகள் வரிசையில் நின்று கொடுத்தன. மோசமான கடன்களில் பெரும்பங்கு 2006-க்கும் 2008-க்கும் இடையே, பொருளாதாரம் பொங்கிக்கொண்டிருந்தபோதே பிறந்தது என்று ரகுராம் ராஜன் 2018-ல் நாடாளுமன்ற மதிப்பீட்டுக் குழுவுக்கு எழுதிய குறிப்பில் சொல்லியிருக்கிறார். ரெட்டி ரியல் எஸ்டேட் வாசலில் நின்ற அதே காலம்.

நெருக்கடி வந்தபோது இந்தக் கம்பெனிகளுக்கு ஒரு சலுகை கிடைத்தது. தவணையை நீட்டித் தரலாம், ஆனாலும் அதை நல்ல கடன் என்றே புத்தகத்தில் வைத்துக்கொள்ளலாம். புயல் நாளில் இது நியாயமான மருந்து. ஜுரம் விட்ட பிறகும் மருந்து நிற்கவில்லை. கடன் சீரமைப்புச் சலுகை ஏதோ ஒரு வடிவில் 2015 மார்ச் வரை நீடித்தது. இதற்கிடையே 2012-ல் உச்ச நீதிமன்றம் 122 தொலைத்தொடர்பு உரிமங்களை ரத்து செய்தது. 2014-ல் 214 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. நிலக்கரி இல்லாத மின் நிலையம் எப்படித் தவணை கட்டும்? 2015-ல் ராஜன் கவர்னராக இருந்தபோது வங்கிகளின் புத்தகங்களைப் பிரித்துப் பார்க்க ஆள் அனுப்பினார். 2009-ல் இரண்டரை சதவீதத்துக்கும் கீழே இருந்ததாகக் காட்டப்பட்ட வாராக்கடன் 2018 மார்ச்சில் 11 சதவீதத்தைத் தாண்டியிருந்தது; அரசு வங்கிகளில் 14-ஐத் தாண்டியது. அவற்றுக்கு முதல் போட 2017 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்த தொகை 2,11,000 கோடி ரூபாய்.

2008-ல் இந்தியா எந்த வங்கிக்கும் முட்டுக்கொடுக்கவில்லை என்ற பெருமையை இந்த எண்ணோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அரசின் சலுகைகளும் இப்படியே. வரிக் குறைப்பையும் கூடுதல் செலவையும் திரும்ப இழுக்க எந்த அரசுக்கும் அவசரம் இருப்பதில்லை. அடுத்த நான்கைந்து வருடங்கள் விலைவாசி ஏறத்தாழ 10 சதவீத வேகத்தில் ஏறியது. 2012-13-ல் அந்நியச் செலாவணி வரவுக்கும் செலவுக்கும் இடையே விழுந்த பள்ளம் மொத்த உற்பத்தியில் 4.8 சதவீதம். அமெரிக்க மத்திய வங்கி பணம் அச்சடிக்கும் வேகத்தைக் குறைக்கப் போவதாக 2013-ல் வாயைத் திறந்ததும், ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. பிரேசில், இந்தோனேசியா, துருக்கி, தென்னாப்பிரிக்காவோடு சேர்த்து இந்தியாவையும் தள்ளாடும் ஐந்து நாடுகள் என்றது ஓர் அமெரிக்க நிதி நிறுவனம். 2008-ல் உலகத்துக்கே பாடம் சொன்ன நாடு, ஐந்தே வருடத்தில்.

பிறகு வங்கிகள் தேறின. 2024 மார்ச்சில் வாராக்கடன் 2.8 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. கம்பெனிகளிடம் சூடுபட்ட வங்கிகள் தனிநபர்கள் பக்கம் திரும்பின. செல்போனில் பத்து நிமிடத்தில் கடன், அடமானம் கேட்பதில்லை, எதற்கு என்று கேட்பதில்லை. 2023 நவம்பர் 16 மாலை ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அடமானமில்லாத தனிநபர் கடனுக்கு அபாய எடை 100-லிருந்து 125. வங்கிகளின் கிரெடிட் கார்டு பாக்கிக்கு 125-லிருந்து 150. ரெட்டி 2004-ல் எடுத்த அதே பழைய தராசு. மறுநாள் காலை பங்குச் சந்தை திறந்ததும் வங்கிகள், நிதி நிறுவனங்களின் பங்குகள் சரிந்தன.